புது வெர்ஷன் 'லைவ்' ஆகிடுச்சு... கீழ்வேளூருக்கு எப்போ வரும்? சாஃப்ட்வேர் ரிலீஸ் திட்டமிடப்படுவது எப்படி?

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க."

ரேஷன் கடை, இ-சேவை மையம், பத்திரப்பதிவு அலுவலகம் என எங்காவது ஒரு தடவை இந்த பதிலைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு நாள் எரிச்சல். அதோடு முடிந்துவிடும்.

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர் பக்கம், சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதத்தில் ஒரு விவசாயிக்கு இதே பதில் கிடைத்தால் விஷயமே வேறு. அறுத்த நெல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த வருஷங்களில் மத்திய அரசு தளர்வு கொடுத்ததும் உண்டு. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். ராத்திரி பனி இறங்கும். சில வருஷம் மழையும் சேர்ந்து இறங்கும். இன்று 16-ல் நிற்கும் ஈரப்பதம், இரண்டு நாள் கழித்து 19-ல் நின்றால் அந்தக் குவியலை மறுபடி கொட்டி, பரப்பி, காயவைக்க வேண்டும். ஆள் கூலி வேறு. பொறுமை இழந்தவர் வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்.

'சர்வர் டவுன்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஒரே நேரத்தில் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு: சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை எந்த நாளில், எந்த வரிசையில், யாரிடம் சொல்லிவிட்டு வெளியிட்டார்கள் என்பது. ஐடி துறையில் இதற்கென்றே தனி வேலை, தனிப் பதவி எல்லாம் இருக்கிறது. அந்த வேலை என்ன, அது சொதப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

ரிலீஸ் என்றால் என்ன?

ஒரு சாஃப்ட்வேரை எழுதி முடிப்பது ஒரு வேலை. எழுதியதை மக்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத்தான் ரிலீஸ் என்று பெயர்.

இந்தத் தடவை எந்தெந்த மாற்றங்கள் போகின்றன, எவை அடுத்த தடவைக்குத் தள்ளிப் போகின்றன, எந்தத் தேதி, எந்த நேரம், முதலில் யாருக்கு, யார் யார் 'ஓகே' சொல்ல வேண்டும், தப்பானால் எப்படிப் பின்வாங்குவது. இத்தனையையும் முன்கூட்டியே முடிவு செய்பவர் ரிலீஸ் மேனேஜர். அவர் பெரும்பாலும் ஒரு வரி கோடுகூட எழுத மாட்டார். காலண்டரும் போனும்தான் அவருடைய கருவிகள். கூடவே, மேலதிகாரியிடம் "இந்தத் தேதி வேண்டாம் சார்" என்று சொல்லும் துணிச்சலும் வேண்டும்.

வழக்கமான நடைமுறை இதுதான். ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு புது மாற்றம் எதையும் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்துவார்கள். இதை கோட் ஃப்ரீஸ் என்கிறார்கள். பிறகு நிஜ சர்வரைப் போலவே இருக்கும் ஒரு நகல் சர்வரில் ஓட்டிப் பார்ப்பார்கள். சம்பந்தப்பட்ட எல்லோரும் கூடி 'போகலாமா, வேண்டாமா' என்று முடிவெடுப்பார்கள். போகலாம் என்றால் கொஞ்சம் பேருக்கு மட்டும் முதலில் விடுவார்கள். கவனிப்பார்கள். பிரச்னை இல்லை என்றால் எல்லோருக்கும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க இவ்வளவு ஐடி வார்த்தைகளே தேவையில்லை. மேட்டூர் என்று சொன்னால் போதும்.

மேட்டூரும் கடைமடையும்

மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் அணை நிரம்பும் நிலையில் இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. 2025-ல் சரியாக ஜூன் 12.

திறந்த அன்று டிவியில் பூ தூவும் காட்சி வரும். ஆனால் அது ஆரம்பம்தான். 2025-ல் மேட்டூர் திறந்து மூன்று நாள் கழித்து, ஜூன் 15-ல் கல்லணை திறக்கப்பட்டது. கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும். வெண்ணாற்றுப் பக்கம் கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதுதான் கீழ்வேளூர் வட்டாரம். அதனால்தான் கடைமடை. மேட்டூர் மதகு திறந்த நாளை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "நம்ம வாய்க்காலுக்கு எப்போ?" என்பதுதான் கேள்வி.

தண்ணீர் அங்கே போய்ச் சேர, மதகைத் தூக்கினால் மட்டும் போதாது. அதற்கு முன்பே தூர்வாரியிருக்க வேண்டும். ஷட்டர்கள் வேலை செய்ய வேண்டும். எந்த ஆற்றில் எத்தனை கன அடி என்று பிரித்துவிட வேண்டும். தண்ணீர் போதாதபோது முறை வைத்து விட வேண்டும். 2022-ல் திறப்புத் தேதி மூன்று வாரம் முன்னால் வந்தபோது, தூர்வாரும் வேலையையும் அந்த அவசரத்துக்கு ஏற்ப முடிக்க வேண்டியிருந்தது. ஒரு தேதி நகர்ந்தால் அதைச் சார்ந்த பத்துத் தேதிகள் நகரும். ரிலீஸ் மேனேஜரின் தலைவலியும் கிட்டத்தட்ட இதேதான்.

சென்னையில் ஒரு பட்டனை அழுத்தி 'லைவ் ஆகிடுச்சு' என்று சொல்லும் நேரம் வேறு. கீழ்வேளூர் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் பில் போடும் மெஷினில் அது ஒழுங்காக ஓடும் நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கணக்கில் எடுப்பதுதான் ரிலீஸ் திட்டமிடல்.

ஒரே ஒரு எண் மாறினால்கூட...

'புது வெர்ஷன்' என்றால் பெரிய மாற்றமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நெல் விலையையே எடுத்துக்கொள்ளலாம்.

நாடு முழுக்க காரீஃப் கொள்முதல் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கும். குறுவை அறுவடைக்காக தமிழ்நாட்டில் 2022 முதல் மத்திய அரசின் அனுமதியோடு செப்டம்பர் 1-லேயே தொடங்குகிறது. அன்று முதல் புது விலை. 2024-25 பருவத்தில் ஊக்கத்தொகையும் சேர்த்து குவின்டாலுக்கு சன்ன ரகம் ரூ.2,450, பொது ரகம் ரூ.2,405. 2025-26 பருவத்தில் சன்ன ரகம் ரூ.2,545, பொது ரகம் ரூ.2,500. இரண்டிலும் வித்தியாசம் ரூ.95.

சாஃப்ட்வேரில் இது ஒரு அட்டவணையில் இரண்டு எண்களை மாற்றும் வேலை. ஐந்து நிமிஷம். ஆனால் அந்த ஐந்து நிமிஷ வேலை எல்லா நிலையங்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். சிக்னல் கிடைக்காத ஒரு நிலையத்தின் மெஷின் பழைய அட்டவணையையே வைத்திருந்தால் என்ன ஆகும்? 40 கிலோ மூட்டைக்கு 38 ரூபாய் குறையும். 100 மூட்டைக்கு 3,800 ரூபாய். பில்லில் ஒரு தொகை, தலைமை அலுவலகக் கணக்கில் இன்னொரு தொகை என்றால், வங்கிக்குப் போகும் பணமும் நடுவில் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆகஸ்ட் 30-ல் ஆன்லைனில் பதிவு செய்த விவசாயி, செப்டம்பர் 2-ல் நெல் எடை போடுகிறார். அவருக்கு எந்த விலை? பதிவுத் தேதியா, எடை போட்ட தேதியா? மனுஷருக்கு இது ஒரு நொடியில் புரியும். சாஃப்ட்வேருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ரிலீஸுக்கு முந்தைய சோதனையில் கேட்க வேண்டியது இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். பெரும்பாலும் கேட்கப்படுவதோ, "லாகின் ஆகுதா?" என்பதுதான்.

சின்ன ஃபைல், 85 லட்சம் கம்ப்யூட்டர்

'சின்ன மாற்றம்தானே' என்று அலட்சியமாக விட்டதற்கு உலகமே விலை கொடுத்த நாள் 2024 ஜூலை 19.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நேரப்படி அன்று காலை 9.39 மணிக்கு ஒரு அப்டேட்டை அனுப்பியது. முழு சாஃப்ட்வேர்கூட இல்லை, ஒரு தகவல் ஃபைல் மட்டும். அதில் 21 தகவல்களை எதிர்பார்த்த ஒரு பகுதிக்கு 20 மட்டுமே கிடைத்தது. அவ்வளவுதான். உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. விமான நிலையங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள் என ஒன்றும் தப்பவில்லை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படம் சமூக வலைதளங்களில் சுற்றியது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். நிறுவனம் தவறைக் கண்டுபிடித்து 78 நிமிஷத்தில், காலை 10.57-க்கெல்லாம் அந்த ஃபைலை வாபஸ் வாங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே நின்றுபோன கம்ப்யூட்டர்களுக்கு அந்த வாபஸ் போய்ச் சேரவே இல்லை. நின்றுபோன கம்ப்யூட்டர் எப்படி அப்டேட்டை வாங்கும்? பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாக ஆள் போய் உட்கார்ந்து, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் மதகை மூடியாகிவிட்டது, ஆற்றில் போன தண்ணீர் போனதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் முதல் சில ஆயிரம் கம்ப்யூட்டர்களோடு அது முடிந்திருக்கும். அந்த நிறுவனம் இப்படிப்பட்ட ஃபைல்களையும் படிப்படியாக வெளியிடும் முறைக்கு மாறியது இதற்குப் பிறகுதான்.

எட்டில் ஒன்றை மறந்தார்கள்

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. எல்லோருக்கும் போனதால் வந்த வினை கிரவுட்ஸ்ட்ரைக். ஒரே ஒரு இடத்துக்குப் போகாமல் விட்டதால் வந்த வினை, நைட் கேப்பிட்டல்.

அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய அளவில் வர்த்தகம் செய்த நிறுவனம் அது. 2012 ஆகஸ்ட் 1-ல் புது சாஃப்ட்வேரோடு சந்தைக்குள் இறங்கியது. மொத்தம் 8 சர்வர்கள். 7-ல் புது கோட் ஏற்றப்பட்டது. எட்டாவதில் ஏற்ற மறந்துவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆளும் இல்லை. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர், பல வருஷமாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோடை ஓட்டி, நிற்காமல் பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. நிறுத்துவதற்குள் 45 நிமிஷம். நஷ்டம் 44 கோடி டாலருக்கும் மேல்.

நடுவில் இன்னொரு தவறும் நடந்தது. புது கோடில்தான் பிரச்னை என்று நினைத்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். நிலைமை மோசமானது. 'பழசுக்குத் திரும்பிடலாம்' என்பது எப்போதும் பாதுகாப்பான வழி இல்லை என்பதற்கு ஐடி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

கொஞ்சம் கொஞ்சமாக விடுவது எப்படி?

உங்கள் போனிலேயே இது நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த வாட்ஸ்அப் வசதி உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். ஐபோன் ஆப்களை ஏழு நாளில் பிரித்து வெளியிடும் வசதியை ஆப்பிள் தருகிறது. முதல் நாள் 1 சதவீதம் பேருக்கு, பிறகு 2, 5, 10, 20, 50, ஏழாவது நாள் 100. கூகுள் பிளே ஸ்டோரிலும் எத்தனை சதவீதம் என்று ஆப்பை வெளியிடுபவரே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் தெரிந்தால் நடுவில் நிறுத்தலாம்.

அரசுத் திட்டங்களிலும் இது புதிதல்ல. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் 2020-ல் முதலில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, அக்டோபர் 1-ல் மாநிலம் முழுக்க வந்தது.

இதைவிட நல்ல உதாரணம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ரிலீஸாக மட்டும் இதைப் பார்க்கலாம். விண்ணப்ப முகாம்களை ஒரே நாளில் எல்லா இடத்திலும் வைக்கவில்லை. 2023 ஜூலை 24-ல் முதல் கட்டம், ஆகஸ்ட் 5-ல் இரண்டாம் கட்டம் என்று பிரித்தார்கள். ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாகப் போய், எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று டோக்கன் கொடுத்தார்கள். ஐடி மொழியில் சொன்னால் லோடைப் பிரித்துவிடுவது. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. தொடக்க விழா செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில். அதற்கு முன்பே வங்கிக் கணக்குக்கு ஒரே ஒரு ரூபாய் அனுப்பி, பணம் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தார்கள். 1.06 கோடி பேருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பும் வேலையும் விழா நாளுக்கு ஒரு நாள் முன்பே தொடங்கிவிட்டது.

அந்த ஒரு ரூபாய்தான் இங்கே முக்கியம். கணக்கு எண் தப்பாக இருந்தாலோ, கணக்கு முடங்கியிருந்தாலோ, ஒரு ரூபாயிலேயே தெரிந்துவிடும்.

சோதனைக்கு எந்த ஊர்?

சோதனை முயற்சிக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலும் வசதியான இடமாகப் பார்ப்பார்கள். சிக்னல் நன்றாக இருக்கும், ஊழியர் கம்ப்யூட்டர் தெரிந்தவர், மேலதிகாரி வந்து போக வழி எளிது. அங்கே வெற்றி பெறும். உடனே மாநிலம் முழுக்க விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

தண்ணீரைக் கடைமடையிலிருந்து தொடங்க முடியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் வரும். சாஃப்ட்வேருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் மெஷினைக் கீழ்வேளூரிலேயே வைக்கலாம்.

அங்கே வைத்தால் என்னென்ன தெரியவரும்? சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் பாதி பில் போட்டு நின்றால் என்ன ஆகிறது என்பது தெரியும். நிலம் தன் பெயரில் இல்லாத குத்தகை விவசாயி, கோயில் நிலத்தில் சாகுபடி செய்பவர் ஆகியோர் வந்து நின்றால், 'பட்டா எண் கட்டாயம்' என்ற கட்டம் அவர்களை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பது தெரியும். உழைத்து உழைத்து ரேகை தேய்ந்த கையை வைத்தால் விரல் ரேகை மெஷின் எத்தனை தடவை 'மறுபடியும் வையுங்கள்' என்கிறது என்பது தெரியும். சென்னை அலுவலகத்தில் சோதித்தவர்களின் விரல்களில் இந்தப் பிரச்னை வந்திருக்காது.

நெல் விற்க ஆன்லைன் பதிவு 2021 டிசம்பரில், சம்பா கொள்முதலுக்கு முன்பாகக் கொண்டுவரப்பட்டது. சிட்டா, அடங்கல் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் ஒப்புதல் தர வேண்டும், பிறகு தேதி கிடைக்கும். இடைத்தரகர்களையும் வெளிமாநில நெல்லையும் தடுப்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு புது முறை வந்தால், விவசாயி, வி.ஏ.ஓ., கொள்முதல் நிலைய ஊழியர் என மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். டெல்டாவில் விவசாய சங்கங்கள் எதிர்த்ததன் பின்னணியில் இந்த அவசரமும் இருந்தது.

பயிற்சியும் ரிலீஸில் சேர்ந்ததுதான். கொள்முதல் நிலையத்தில் பில் போடுபவர் பல இடங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர். ஜூலையில் மாவட்டத் தலைநகரில் நடத்தும் பயிற்சி, ஜனவரியில் வேலைக்கு வரும் அவரிடம் போய்ச் சேராது. புது வெர்ஷனில் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் சிரமம். ஒரு பக்கம் தமிழில் எழுதி, மெஷின் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பாதிப் பிரச்னை தீரும். இதற்குச் செலவு ஒரு ஜெராக்ஸ்.

யார் யார் 'ஓகே' சொல்ல வேண்டும்?

ஒரு விவசாயியின் நெல் பணமாக மாற, பல தரப்பின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். கொள்முதல் செய்வது நுகர்பொருள் வாணிபக் கழகம். நில விவரம் வருவாய்த்துறையிடம். ஒப்புதல் வி.ஏ.ஓ.விடம். விரல் ரேகையைச் சரிபார்ப்பது ஆதார் அமைப்பு. பணம் போவது வங்கி வழியாக. சாஃப்ட்வேரை எழுதியது வேறொரு நிறுவனமாக இருக்கலாம்.

இதில் ஒருவர் மட்டும் தன் பக்கம் ஒரு மாற்றம் செய்தாலும் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நில ஆவணப் பக்கம் சர்வே எண்ணின் உட்பிரிவை எழுதும் முறை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பக்கம் பழைய முறையையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் 'விவரம் இல்லை' என்று திரையில் வரும். விவசாயியின் நிலம் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இரண்டு துறையும் 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்றே சொல்லும். இரண்டுமே உண்மையாகவும் இருக்கும்!

கட்டாய அப்டேட் இன்னொரு தொல்லை. சர்வரில் புது வெர்ஷன் வந்ததும், போனில் இருக்கும் பழைய ஆப் 'அப்டேட் செய்தால்தான் திறப்பேன்' என்று அடம்பிடிக்கும். வைஃபை இருக்கும் அலுவலகத்தில் அது அரை நிமிஷ வேலை. களத்து மேட்டில், வரிசையில் டிராக்டர்கள் நிற்கும்போது அப்படி இல்லை. அதனால் பழைய ஆப்பையும் சில நாள் ஏற்றுக்கொள்ளும்படி சர்வரை வைத்திருப்பதுதான் நல்ல நடைமுறை.

தேதியை யார் காலண்டர் பார்த்துக் குறிப்பது?

2021-ல் வருமான வரித்துறையின் புதிய இணையதளம் ஜூன் 7-ல் தொடங்கப்பட்டது. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தையும் நந்தன் நிலேகனியையும் குறிப்பிட்டுப் புகார்களைக் கவனிக்கச் சொன்னார். ஆகஸ்ட் 21, 22-ல் தளம் இயங்கவில்லை. தனிநபர் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதி கடைசியில் டிசம்பர் 31 வரை போனது. எல்லோரும் கணக்குத் தாக்கல் செய்யும் பருவத்தின் வாசலில் வைத்து முழுத் தளத்தையும் மாற்றினால், சின்னக் கோளாறுகூட கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் படும்.

இப்போது கீழ்வேளூரின் காலண்டரைப் பாருங்கள். செப்டம்பர் 1-ல் புது விலை, குறுவை கொள்முதல். நவம்பர் 15-ல் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கான கெடு. கடைசி நாட்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் தள்ளும். 2023-ல் நவம்பர் 22 வரையும், 2024-ல் நவம்பர் 30 வரையும் கெடு நீட்டிக்கப்பட்டது. ஜனவரி முதல் மார்ச் வரை சம்பா, தாளடி அறுவடை. இந்த நாட்களில் விவசாயம் சம்பந்தப்பட்ட எந்த சாஃப்ட்வேரிலும் கைவைக்காமல் இருப்பதே உத்தமம். வங்கிகளும் ஆன்லைன் கடைகளும் பண்டிகைக் காலத்தில் இப்படித்தான் செய்கின்றன. அவசரக் கோளாறைச் சரிசெய்வதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது ஏப்ரல், மே மாதமும், ஆடி மாதத்தை ஒட்டிய சில வாரங்களும்தான். சிக்கல் என்னவென்றால், அரசின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஒப்பந்த வேலைகளை அதற்குள் முடித்துக்காட்டும் அவசரம் எல்லாத் துறைகளிலும் இருக்கும். அலுவலகக் காலண்டர் 'இப்போதே வெளியிடு' என்று சொல்லும் அதே வாரங்களில்தான், வயல் காலண்டர் 'தொடாதே' என்கிறது. இந்த இழுபறியில் வயல் பக்கம் நின்று பேச ஒருவர் கூட்டத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அந்த வருஷத்து ரிலீஸ் எப்படிப் போகும் என்பது முடிவாகும்.

பின்வாங்க வழி இருக்கிறதா?

எல்லா ரிலீஸ் திட்டத்திலும் 'ரோல்பேக்' என்று ஒரு பக்கம் இருக்கும். சரிவரவில்லை என்றால் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது. திரை வடிவம், பட்டன் நிறம் போன்றவற்றை மாற்றியிருந்தால் இது எளிது. புது வெர்ஷனில் ஏற்கெனவே 200 விவசாயிகளின் பில் போட்டாகிவிட்டது என்றால் எளிதல்ல. பழைய வெர்ஷனுக்கு அந்தப் பில்களைப் படிக்கத் தெரியுமா? தெரியாது என்றால் பின்வாங்கும்போது அவை தொலைந்துபோகும், அல்லது இரண்டு தடவை பதிவாகும்.

அதனால் 'எந்த நேரம் வரை பின்வாங்கலாம்' என்று ஒரு கோடு போட்டு வைப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் முன்னே போய்த்தான் சரிசெய்ய வேண்டும். கூடவே, சாஃப்ட்வேர் முழுதாக நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பேப்பரில் எடைச்சீட்டு போட்டு, நெல்லை எடுத்துக்கொண்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்ற அனுமதி உண்டா? அந்த முடிவை எடுப்பவர் யார்? விமான நிலையத்தில் கையால் போர்டிங் பாஸ் எழுத முடிந்தது, அப்படி எழுதலாம் என்று அங்கிருந்தவருக்கு அதிகாரம் இருந்ததால்தான். களத்தில் நிற்கும் எழுத்தருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றால், அவரால் "நாளைக்கு வாங்க" என்றுதான் சொல்ல முடியும்.

பயன்படுத்துபவர்கள் என்ன செய்யலாம்?

கெடு தேதி உள்ள எந்தப் பதிவையும், முக்கியமாகப் பயிர்க் காப்பீட்டை, கடைசி வாரத்துக்கு விடாமல் முன்பே முடித்துவிடுவது நல்லது. பதிவு செய்ததும் வரும் எண்ணையும் எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். வெர்ஷன் மாறும்போது பதிவு காணாமல் போனால், அதைத் தேடி எடுக்க அந்த எண் தேவைப்படும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நெல் போடுபவர்கள், பில்லில் இருக்கும் குவின்டால் விலை அந்தப் பருவத்து விலைதானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 'சர்வர் டவுன்' என்று சொன்னால், எல்லா நிலையங்களிலும் அப்படியா, இங்கே மட்டுமா என்று பக்கத்து ஊரில் போன் போட்டுக் கேளுங்கள். இங்கே மட்டும்தான் என்றால், அந்த மெஷினுக்குப் புது வெர்ஷன் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். புகார் கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

போனில் அரசு ஆப்களை வைத்திருப்பவர்கள், காலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். அப்டேட் கேட்டால் அங்கேயே போட்டுவிடலாம்.